மதுரகாலன் பொடி டீச்சர்

என்னம்மா, சாத்தூர்ல ஏறுனதுல இருந்து என் மூஞ்சியையே பாத்துட்டு வர்றே? எங்கயோ பாத்த மாதிரி இருக்கா? இருக்கும். கல்யாண வீட்டுலயா கோயில்லயான்னு மண்டையப் போட்டு உடைச்சுக்காதே. போன்ல பாத்திருப்பே. பச்சைப் பட்டு, தலை நெறைய மல்லிகைப்பூ, கையில ஒரு டம்ளர். 'சுகரால சாகக் கெடந்தேன், மதுரகாலன் பொடி சாப்பிட்டேன், இன்னைக்கு ஜாங்கிரி சாப்பிடுறேன்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். ஆங், அதேதான். நானேதான். கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி, இந்தப் பைய மடியில வச்சுக்கிறேன். கீழ வைக்க முடியாது, உள்ள ஒரு டப்பா இருக்கு.

இப்பவே சொல்லிர்றேன், கேட்டுக்கோ. அந்தப் பொடிய நான் கண்ணால பாத்ததில்ல. எனக்கு சுகரும் கெடையாது. எங்க தெருவுல என் வயசுல மாத்திரை போடாதவ நான் ஒருத்திதான். நான் டீச்சரும் கெடையாது. அதுல 'திருமதி வசந்தகோகிலம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, நாமக்கல்'னு போட்டிருக்கான். நாமக்கல் எந்தத் திசையில இருக்குன்னே எனக்குத் தெரியாது. என் பேரு தங்கபுஷ்பம். எட்டாவதோட எங்கப்பா நிறுத்திட்டாரு. வயசு அறுபத்தி மூணாம்! எந்தக் கட்டையில போறவன் சொன்னான்? எனக்கு இந்தத் தை வந்தாத்தான் அம்பத்தெட்டு. பொய் சொல்றதுன்னு ஆகிப்போச்சு, அதைக் கொறைச்சுச் சொன்னா அவன் அப்பன் வீட்டுச் சொத்தா கரைஞ்சு போயிரும்?

அந்த போட்டோ எந்தம்பி மக கல்யாணத்துல எடுத்தது. எந்தம்பி பேரு தவசிக்கனி. அருப்புக்கோட்டையில பாத்திரக்கடை வச்சிருக்கான். கூடப் பொறந்தவன்னு எனக்கு அவன் ஒருத்தன்தான். கல்யாணத்தன்னைக்குப் பந்திக்கு முன்னாடி, 'அக்கா, பாயசத்துல இனிப்பு சரியா இருக்கான்னு பாருக்கா'ன்னு அவன் கையாலயே ஒரு டம்ளர்ல ஊத்திக் குடுத்து, என் தோள்ல கையப் போட்டுக்கிட்டு நிக்கிறான். நான் ஒரு வாய் குடிச்சுட்டுச் சிரிக்கிறேன். அப்ப எடுத்தது. எம் மக அமுதா எடுத்தா. எனக்கு அமைஞ்ச போட்டோவுலயே அதுதான் நல்லா விழுந்த போட்டோ. ஆசையா இருக்குன்னு போன்ல எல்லாரும் பாக்குற மாதிரி போட்டேன். 'எதுக்கும்மா ஊரே பாக்குற மாதிரி போட்டே'ன்னு அமுதா அப்புறமா என்னைத் திட்டுறா. போட்டோ போடுறதே நாலு பேரு பாக்கத்தானே? பீரோவுக்குள்ள வைக்கிறதுக்கு எதுக்குப் பட்டுச்சேலை கட்டணும்?

அதை எடுத்துட்டான் அந்தக் களவாணிப்பய. பாயசத்தைக் கசாயம் ஆக்கிட்டான். எந்தம்பிய வெட்டித் தூக்கிட்டான். ஆனா அரைகுறையா வெட்டியிருக்கான். நீ அடுத்த தடவ அந்த விளம்பரம் வந்தா நல்லாப் பாரு, என் தோள்ல நாலு விரல் மட்டும் தனியா இருக்கும், ஒரு விரல்ல பவள மோதிரம் இருக்கும். அது தவசிக்கனி கை. ஆள் இல்ல, கை மட்டும். வேலையில ஒரு சுத்தம் வேண்டாம்? திருடுறதையாவது ஒழுங்காத் திருட வேண்டாமா?

இந்த விளம்பரக்காரனுங்க பண்ற அட்டூழியம் கொஞ்சமா நஞ்சமா? காலையில குளிச்சு வெளக்கேத்தி போன்ல ஒரு முருகன் பாட்டைப் போட்டா, பாதியில ஒருத்தி உள்பாவாடையோட வந்து நிக்கிறா. எங்க வீட்டுக்காரரு சாமி ரூம் வாசல்ல கைகூப்பி நின்னுக்கிட்டு, கண்ணை மூடவும் முடியாம தொறக்கவும் முடியாம தவிக்கிறாரு. 'கால் வலிக்குதுடி'ன்னு அந்த மனுசன் வாயத் தொறந்து சொன்னாப் போதும், சாயங்காலம் பூரா மூட்டுத் தைலம். ஒருநாள் வழுக்கையத் தடவிக்கிட்டே கண்ணாடி பாத்தாரு, அதுகூட எப்படித்தான் தெரியுமோ, மறுநாள் முடி வளர்ற எண்ணெய். வாங்கினாரே! எங்கிட்டச் சொல்லாமலே வாங்கினாரு. தலையில ஒரு முடி மொளைக்கல, தலகாணி உறை பூரா பச்சை ஏறிப்போச்சு. வெளுத்து வெளுத்துப் பாத்துட்டேன், இன்னும் போகல. இந்த வயசுல முடி வளந்து யார மயக்கப் போறாரு? கூறுகெட்ட மனுசன்.

நல்லதே இல்லன்னு சொல்ல மாட்டேன். எனக்கும் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கு. என் மிக்ஸி பழைய மிக்ஸி, அமுதா பொறந்தப்ப வாங்கினது. சின்ன ஜார் உடைஞ்சுபோச்சு. சாத்தூர், விருதுநகர், சிவகாசி எல்லாக் கடையிலயும் ஏறி எறங்கிட்டேன். 'இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க'ன்னு ஒரே பாட்டு. ஒருநாள் போன்ல தானா வந்துச்சு, அதே ஜார், அதே கம்பெனி. வாங்கினேன். கச்சிதமாப் பொருந்திப்போச்சு. இன்னைக்கு வரைக்கும் அதுலதான் பொடி அரைக்கிறேன்.

எங்க கீழ்வீட்டுல ஜெனிபர்னு ஒரு பொண்ணு. புருசனுக்கு அச்சாபீஸ்ல வேலை போனதும் வீட்டுலயே கேக் சுட்டு, போன்ல விளம்பரம் போட்டா. இப்பக் கோவில்பட்டியில இருந்தெல்லாம் ஆள் வருது, அவ பிள்ளைக ரெண்டும் அதுலதான் படிக்குது. ஆனா ஒண்ணு, அவ படத்துல இருக்குற கேக்கும் அவ சுடுற கேக்கும் ஒண்ணு. அவ சொந்த மூஞ்சியப் போட்டு விக்கிறா. அடுத்தவ மூஞ்சியக் காட்டி விக்கல.

அமுதா சென்னையில இருக்கா. அவதான் மொதல்ல பாத்துட்டு, 'அம்மா, உன்னைய சுகர் பேஷண்ட் ஆக்கிட்டாங்க'ன்னு போன் போட்டுக் கத்தினா. அந்தப் போன் கம்பெனிக்கு என்னமோ புகார் எழுதினா. 'நாங்கள் பார்த்தோம், விதிமீறல் எதுவும் இல்லை'ன்னு பதில் வந்துச்சாம். எப்படி இருக்கு பாத்தியா? என் மூஞ்சி, என் சேலை, எந்தம்பி கை. இதுல விதிமீறல் இல்லையாம். வெளங்கிரும். அப்புறம் போலீஸ்ல சொல்வோம், ஆதார் கார்டை அனுப்பு, ஒரு கையெழுத்துப் போடுன்னா. ஆடி மாசம் வேற. ஆடியில போயி ஸ்டேஷன் படி ஏறுவாங்களா? ஆவணியில பாத்துக்கலாம்னேன். ஆவணியில வரிசையா முகூர்த்தம்.

'ஏண்டி, புகார் குடுத்தா அந்தப் படத்துக்குக் கீழ எல்லாரும் எழுதியிருக்காங்களே, அதுவும் சேந்து போயிருமா'ன்னு கேட்டேன். சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். அதுக்கு அவ, 'உனக்கு அது வேற வேணுமா'ன்னு போனை வச்சுட்டா. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே கெடையாது.

கீழ என்ன எழுதியிருந்துச்சா? 'அம்மா, உங்க மொகத்துல லட்சுமி கடாட்சம்'னு ஒருத்தி. 'இந்த வயசுலயும் என்ன கம்பீரம்'னு ஒருத்தரு. ஒரு பையன், 'டீச்சர், நான் உங்க மாணவன், நீங்க கணக்குச் சொல்லிக் குடுத்ததுனாலதான் இன்னைக்கு நல்லா இருக்கேன்'னு எழுதியிருக்கான்! அவன் எந்த வசந்தகோகிலத்துக்கிட்டப் படிச்சானோ. ஆனா படிச்சதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. எம் பொண்ணு ஒருநாள் அப்படி ஒரு வார்த்தை எழுதியிருப்பாளா? எங்க வீட்டுக்காரருதான் சொல்லியிருப்பாரா?

எங்க ஊர்ல அப்புறம் ஒரே கூத்துதான். ரேஷன் கடையில நின்னா, 'டீச்சருக்கு எடம் விடுங்கப்பா'ன்னு கேலி பண்றாளுக. கேலிதான். ஆனா எடம் விட்டாளுக. மொதல்ல எல்லாருகிட்டயும் 'அது நான் இல்லடி, பொய்'னு தொண்டை கிழியச் சொன்னேன். எத்தனை பேருக்குச் சொல்றது? பஸ்ஸுல, கோயில்ல, காய்கறிக் கடையில. அப்புறம் கேட்டா சிரிச்சுட்டுப் போயிர்றது. சிரிக்கிறது தப்பா?

சரி, விசயத்துக்கு வர்றேன். எந்தம்பி மகளுக்கு வளைகாப்பு வந்துச்சு, எந்தம்பி வீட்டுல வச்சுத்தான். சம்பந்தியம்மா கோயம்புத்தூர்க்காரி, பேங்குல பெரிய ஆபீசரா இருந்து ஓய்வு பெத்தவ. கல்யாணத்தன்னைக்கே அவளுக்கும் எனக்கும் ஆகாமப் போச்சு. நான் பாயச டம்ளரோட நிக்கிறேன், என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு எந்தம்பிகிட்டக் கேக்குறா, 'இவங்க சமையல் ஆளுங்களா'ன்னு. அம்புட்டு வெலையில பட்டுச்சேலை கட்டியிருக்கேன், சமையல் ஆளாம்! எந்தம்பிக்கு மொகம் செத்துப்போச்சு. 'இது என் அக்கா'ன்னு சொல்லித்தான் என் தோள்ல கையப் போட்டான். அந்தக் கை எதுக்கு அங்க வந்துச்சுன்னு இப்பப் புரியுதா?

அதே சம்பந்தியம்மா, வளைகாப்புக்கு நான் உள்ள நுழைஞ்சதும் எந்திரிச்சு வந்து நாற்காலி எடுத்துப் போடுறா. 'வாங்க வாங்க, உங்கள நான் தெனம் பாக்குறேனே போன்ல'ங்கிறா. கோயம்புத்தூர்க்காரிக அத்தனை பேரும் போனைத் தூக்கிக்கிட்டு என்னைச் சுத்தி நிக்கிறாளுக. 'தலைமையாசிரியையா இருந்தீங்களா, சொல்லவே இல்லையே'ங்கிறா ஒருத்தி. 'பேரு வேற மாதிரி இருக்கே'ன்னு இன்னொருத்தி கேட்டா, சம்பந்தியம்மாவே, 'அதெல்லாம் வெளிய தெரியக் கூடாதுன்னு மாத்திப் போடுவாங்க'ன்னு பதில் சொல்லிர்றா. படிச்சவ சொல்றா, நான் எட்டாங்கிளாஸ் எப்படி மறுத்துப் பேசுறது? சபையில வச்சு 'இல்ல'ன்னு சொன்னா அந்த அம்மாவுக்கு எவ்வளவு அவமானம்? எந்தம்பி மக வாழுற வீடு. நான் அதையும் யோசிக்கணும்ல.

நான் ஒண்ணும் சொல்லல. தலைய ஆட்டினேன். 'நெஜமாவே கேக்குதாங்க'ன்னு கேட்டாங்க. 'முறையாக் குடிச்சா கேக்கும்'னேன். அம்புட்டுத்தான். ஒரே ஒரு வார்த்தை, ஒரு பேச்சுக்கு.

அப்புறம், காலையில வெறும் வயித்துல, வெதுவெதுப்பான தண்ணியில கலந்து குடிக்கணும்னேன். அது விளம்பரத்துல இருக்குறதுதானே, நானா இட்டுக்கட்டிச் சொன்னேன்? ஆமா, மாத்திரைய நிறுத்திட்டீங்களான்னும் ஒருத்தி கேட்டா. நான் மாத்திரையே போடுறதில்லைன்னேன். அது சத்தியமான உண்மை. நான் போடுறதில்ல.

எந்தம்பி அப்ப வளையல் தட்டைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறான். என்னையே பாக்குறான். கண்ணு கலங்கியிருக்கு. மக வளைகாப்புன்னு அழுறான்னு நெனச்சேன். பொண்ணப் பெத்தவன்ல.

அவனுக்கு சுகர் ரொம்ப நாளா இருக்கு. வெளிய யாருக்கும் தெரியாது. எங்க பக்கத்துல அதையெல்லாம் சொல்ல மாட்டோம் தாயி. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குற நேரத்துல, தகப்பனுக்கு சுகர், தாய்க்கு ஆஸ்துமான்னா வர்ற எடமும் திரும்பிப் போயிரும். தாலி ஏறுற வரைக்கும் அவன் மாத்திரை டப்பாவ சாமி படத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சுத்தான் போட்டான். அவன் பொண்டாட்டி சுகுணாவும் நானும்தான் ஒளிச்சுக் குடுத்தோம். கல்யாணம் முடிஞ்சும், பழக்க தோசம், அங்கயேதான் இருந்துச்சு அந்த டப்பா.

வளைகாப்பு முடிஞ்சு நான் ஊருக்கு வந்ததும் போன் பண்றான். 'அக்கா, எங்கிட்டக்கூட மறைச்சுட்டியேக்கா'ன்னான். எனக்கு ஒண்ணும் புரியல. 'அமுதா கல்யாணம் முடியட்டும்னு மறைச்சியாக்கும்? நான் என்ன வெளியவா சொல்லப்போறேன்? நான் உன் தம்பிக்கா'ங்கிறான். அப்பத்தான் எனக்குப் புரியுது, எனக்கு சுகர் இருந்து நான் ஒளிச்சு வச்சிருந்தேன்னு நெனச்சுக்கிட்டான்னு! என்ன மடத்தனம் பாரு. டீச்சர்ங்கிறது பொய்னு அவனுக்குத் தெரியும். நாமக்கல் பொய்னு தெரியும். டம்ளர்ல இருக்குறது பாயசம்னு தெரியும், ஊத்துனவனே அவன்தான். தோள்ல இருக்குறது அவனோட கை! எல்லாம் பொய்னு தெரிஞ்சவன் சுகரை மட்டும் எப்படி நம்புவான்? எவனாவது நம்புவானா?

'இல்லடா'ன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் போனை ஸ்பீக்கர்ல வேற போட்டிருக்கான், பின்னால ஆள் பேசுற சத்தம் கேக்குது. சம்பந்தி வீட்டு ஆளுக இன்னும் கெளம்பலையாம். அந்த நேரத்துல போயி நான் சபையில சொன்னது பொய்னு கத்தவா முடியும்? 'சரி சரி, நீயும் ஒடம்பப் பாத்து நடந்துக்கோ'ன்னு பொதுவாச் சொல்லிட்டு வச்சுட்டேன். பொதுவாத்தான் சொன்னேன்.

அவன் அந்தப் பொடிய வாங்கியிருக்கான். மாத்திரையத் தூக்கிக் குப்பையில போட்டிருக்கான். டாக்டரு ஏற்கெனவே, 'இனிமே மாத்திரை பத்தாது, ஊசி போடணும்'னு சொல்லியிருந்தாராம். ஊசின்னா அவனுக்குச் சின்ன வயசுல இருந்தே உயிர் போயிரும். பள்ளிக்கூடத்துல அம்மை ஊசி போட வந்தப்ப சுவரேறிக் குதிச்சு ஓடி, நான்தான் தேடிக் கண்டுபிடிச்சு இழுத்துட்டு வந்தேன். அவன் பயந்தாங்கொள்ளி. அந்தப் பயத்தைத்தான் இந்த விளம்பரக்காரப் பாவிக காசாக்குறானுக. ஊசிக்குப் பயந்தவன் எவன் எவன்னு இவனுகளுக்கு எப்படித்தான் தெரியுதோ.

புதுச் செருப்பு வாங்கினானாம். சுண்டுவிரல்ல கடிச்சிருக்கு. வலியே தெரியலையாம். கடையில நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்குறவன், குனிஞ்சு காலைப் பாக்கலை. சுகுணாதான் கால்ல இருந்து வாடை வருதேன்னு பாத்திருக்கா. பாத்தா விரல் கருத்துப்போயிருக்கு. அருப்புக்கோட்டையில பாத்துட்டு நேரா மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. அவன் காய்ச்சல்ல நெனவு தப்பிக் கெடந்தப்பவே ரெண்டு விரலை எடுத்தாச்சு.

இல்லம்மா, நான் அழல. ஜன்னல் வழியாத் தூசி. இந்த ரோட்ட என்னைக்குத்தான் ஒழுங்காப் போடுவானுகளோ.

சுகுணா நேத்து போன் பண்ணினா. என்ன வாய்ங்கிறே அவளுக்கு! 'மதினி, நீங்க சபையில பெருமை பேசுனீங்க, இவரு இங்க மாத்திரையத் தூக்கி எறிஞ்சாரு'ங்கிறா. நானா பெருமை பேசுனேன்? 'ஊசி போட்டுச் சக்கரை எறங்கினாத்தான் புண்ணு ஆறும், இல்லைன்னா முழங்காலோட எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு. இவரு ஊசி போடவே விட மாட்டேங்கிறாரு. அக்கா ஊசி இல்லாமத்தானே சரியாக்கினா, அக்கா வரட்டும்ங்கிறாரு. நீங்களே வந்து உங்க வாயால அது பொய்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு'ன்னு கத்துறா. ஆஸ்பத்திரியில நாலு பேரு கேக்குற மாதிரி. கொஞ்சமாவது நாசூக்கு வேண்டாம்?

அப்புறம் அவன்கிட்டப் போனைக் குடுத்தா. நான் அவன் என்னைத் திட்டுவான்னு நெனச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும், நானும் நாலு கேட்டிருப்பேன். அந்தப் பய என்ன சொல்றான் தெரியுமா? 'அக்கா, தப்பு எம்மேலதான். கடை தொறக்குற அவசரத்துல பல நாளு வெறும் வயித்துல குடிக்க விட்டுப்போச்சு. நீ ஒழுங்காக் குடிச்சிருப்பே, உனக்குக் கேட்டுருச்சு. நான் ஒழுங்கில்ல'ங்கிறான். 'இப்ப அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறானுகக்கா. நீ வரும்போது உன் வீட்டுல இருக்குற பொடியில ஒரு டப்பா கொண்டா'ன்னான். விரல் போன பெறகும் பொடி கேக்குறான். இவனெல்லாம் எப்படிக் கடை நடத்தினான்?

அந்த டப்பாதான் இது. எட்டிப் பாக்குறியே, பாரு, நல்லாப் பாரு. வெந்தயம், சுக்கு, கறிவேப்பிலை, கொஞ்சம் சீரகம். நானே வறுத்து, அந்த மிக்ஸி ஜார்ல அரைச்சு, துணியில சலிச்சேன். கலப்படம் கெடையாது. அந்தப் பய என்னத்தைப் போட்டு வித்தானோ, மண்ணோ மரத்தூளோ. இது சுத்தம். யாருக்கும் ஒரு கெடுதலும் வராது.

என்ன, உண்மையச் சொல்லிருங்கங்கிறியா? நீயும் சுகுணா கட்சியா? சுலபமாச் சொல்லிட்டே. அக்கா பொய் சொன்னான்னு தெரிஞ்சா அவனுக்குப் போன விரல் மொளைச்சுருமா? சரி, சொல்றேன்னே வச்சுக்கோ. 'டேய், எனக்கு சுகரே கெடையாதுடா, சபையில நாற்காலி போட்டாளேன்னு தலைய ஆட்டினேன்டா'ன்னு சொல்றேன். அதுக்கப்புறம் நான் 'ஊசி போட்டுக்கோடா'ன்னா அவன் எதுக்குக் கேக்கணும்? இப்ப அவன் இந்த உலகத்துல நம்புற ஒரே ஆளு நான். டாக்டரை நம்பல, கட்டுன பொண்டாட்டிய நம்பல. அதையும் நான் கெடுத்துக்கிட்டா அந்தக் காலு என்ன ஆகும்? சொல்லு. படிச்ச பிள்ளை மாதிரி இருக்கே, யோசிச்சுச் சொல்லு.

நான் யோசிச்சு வச்சுட்டேன். சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போதே வரிசையாச் சொல்லிப் பாத்துட்டேன். உள்ள போனதும் டப்பாவ அவன் கையில குடுத்துருவேன். குடுத்துட்டு, 'டேய் தவசி, ஒண்ணை நான் யாருகிட்டயும் சொல்லல. இந்தப் பொடி தனியாக் கேக்காது. ஊசி போட்டாத்தான் ரத்தத்துல சேரும். நானும் ஊசி போட்டுக்கிட்டுத்தான் குடிச்சேன், வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சுட்டேன்'னு சொல்லப்போறேன். மறைக்கிறதுன்னா அவனுக்குப் புரியும். எங்க குடும்பத்துல மறைக்கிறதை எல்லாரும் நம்புவோம்.

சந்தேகப்பட்டா? அதுக்கும் வழி பண்ணிட்டேன். இங்க பாரு, ரவிக்கைக் கையத் தூக்குறேன். தெரியுதா புள்ளி புள்ளியா? தையல் ஊசிய அடுப்புல காட்டிட்டு நானே குத்திக்கிட்டேன். வலி உயிர் போச்சு. எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு, 'பைத்தியம் புடிச்சிருச்சா ஒனக்கு'ன்னாரு. முடி வளர்ற எண்ணெய் வாங்கின மனுசன் என்னையப் பைத்தியம்ங்கிறாரு! பக்கத்துல போயி கையக் காட்டி, 'பாருடா, அக்காவே போட்டுருக்கேன், ஒண்ணும் வலிக்கல'ன்னு சொன்னா, அவன் கைய நீட்டிருவான். நர்சுகிட்ட, 'இப்பப் போடும்மா'ன்னுருவேன். முடிஞ்சது.

விளம்பரக்காரனும் நானும் ஒண்ணாங்கிற மாதிரி பாக்குறியே. நல்லா இருக்கு நியாயம்! அவன் ஊர் பேரு தெரியாதவனுக்கெல்லாம் பொய் சொல்லி விக்கிறான். நான் என் கூடப் பொறந்தவனுக்குச் சொல்றேன், காசு வாங்காமச் சொல்றேன். அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நீயும் போனைப் பாத்துக் கெட்டுப்போயிட்டியா?

சரி, மாட்டுத்தாவணி வந்துருச்சு. அந்தப் பக்கம் கொஞ்சம் காலை மடக்கு, எறங்கிக்கிறேன். டப்பா மூடி இறுக்கமா இருக்கான்னு பாத்துக் குடு. சேலை கசங்கலையே? அதே பச்சைப் பட்டுதான். ஆஸ்பத்திரிக்குப் பட்டு எதுக்குன்னு இவரு கேட்டாரு. அவன் படத்துல பாத்த மாதிரியே இருக்கட்டும்னு கட்டிட்டு வந்தேன்.

நம்புவானான்னு கேக்குறியா? என்ன கேள்வி கேக்குறே நீ. இந்த மூஞ்சியப் பாத்துத்தானேம்மா அவன் மொதல்லயும் நம்பினான்.